சிட்டிசன்ஷிப் படிவம்: எதற்குக் கவலைப்படலாம், எதை விட்டுவிடலாம்

அமெரிக்கக் குடியுரிமைக்கான என்-400 படிவத்தை அனுப்பியவர்களில் பாதிப் பேர் அன்றிரவே அதைத் திரும்பத் திறந்து படிக்கிறார்கள். மூன்று வருஷத்துக்கு முன் குடியிருந்த அபார்ட்மென்ட் எண் 214ஆ, 241ஆ? பழைய கம்பெனியில் சேர்ந்தது மார்ச்சா, ஏப்ரலா? காரில் டொராண்டோ போய்வந்ததைப் போட்டோமா? வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வார்கள். ஒருவர், "என் மச்சானுக்கு இதனாலேயே ரிஜெக்ட் ஆச்சு" என்பார். அப்புறம் தூக்கம் எங்கே வரும்?

இந்தக் கவலையில் முக்கால்வாசி வேண்டாதது. ஏன் என்பதற்குப் பதில் அந்தப் படிவத்தின் கடைசிப் பக்கங்களிலேயே இருக்கிறது. இன்டர்வியூவின்போது கையெழுத்திடுவதற்கென்று அங்கே தனியாக ஒரு பகுதி உண்டு. ஆபீஸர் உங்களிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, படிவத்தில் உள்ளதைப் பகுதி பகுதியாகக் கேட்டுவருவார். மாறியது, விட்டுப்போனது, தப்பாக எழுதியது எல்லாவற்றையும் அவரே திருத்தி, திருத்தங்களுக்கு வரிசை எண் போடுவார். முடிவில், இத்தனாம் எண் வரைக்குமான திருத்தங்கள் உண்மை என்று நீங்கள் கையெழுத்துப் போடுவீர்கள். அதாவது, படிவத்தில் திருத்தம் வரும் என்று எதிர்பார்த்துத்தான் அதைத் தயாரித்திருக்கிறார்கள். அனுப்பிய நாளுக்கும் இன்டர்வியூ நாளுக்கும் இடையில் மாதங்கள் ஓடிவிடுவதால், வேலை, வீடு, பயணம் என்று ஏதாவது ஒன்று மாறத்தான் செய்யும்.

ஆகவே ஒவ்வொரு விவரத்தையும் பார்க்கும்போது கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: இது தப்பாகப் போனால் பின்னால் திருத்த முடியுமா? முடியும் என்றால் தெரிந்த அளவு சரியாக எழுதிவிட்டு நகருங்கள். முடியாது என்றால் அங்கே ஒரு மாலைப்பொழுதைச் செலவழித்தாலும் தப்பில்லை. அப்படிப்பட்டவை சில உண்டு. முதலில் வருவது பலரும் கவலையே படாத ஒன்று.

அனுப்பும் நாள்

கிரீன் கார்டு வாங்கி 5 ஆண்டு ஆகியிருக்க வேண்டும் (அமெரிக்கக் குடிமகனையோ குடிமகளையோ மணந்து சேர்ந்து வாழ்பவர்களுக்கு 3 ஆண்டு). அந்த நாளுக்கு 90 நாள் முன்பாகவே விண்ணப்பிக்கலாம். இந்த 90 நாளை "மூன்று மாதம்" என்று எடுத்துக்கொள்வதில்தான் வம்பு. கிரீன் கார்டில் "ரெசிடென்ட் சின்ஸ்" என்ற இடத்தில் 2021 செப்டம்பர் 15 என்று இருக்கிறது என்று வையுங்கள். 5 ஆண்டு முடிவது 2026 செப்டம்பர் 15. அதிலிருந்து 90 நாள் பின்னால் போனால் ஜூன் 17. மூன்று மாதம் பின்னால் போனால் ஜூன் 15. ஜூன் 15 அன்று அனுப்பியவர் இரண்டு நாள் முந்திவிட்டார். இதை இன்டர்வியூவில் திருத்த முடியாது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுக் கட்டணமும் போகும்.

அமெரிக்கக் குடியேற்றத் துறையான யுஎஸ்சிஐஎஸ்ஸின் தளத்தில் இதற்கென்றே ஒரு தேதிக் கணிப்பான் இருக்கிறது. அதில் பார்த்துவிட்டு, அது காட்டும் நாளுக்கு மேல் ஒரு வாரம் கழித்தே அனுப்புங்கள். ஐந்து வருஷம் பொறுத்தவருக்கு ஒரு வாரம் பெரிதில்லை. கணக்கு தொடங்குவது கார்டு தபாலில் வந்த நாளிலிருந்தோ, கார்டின் காலாவதித் தேதியிலிருந்தோ அல்ல. "ரெசிடென்ட் சின்ஸ்" தேதி ஒன்றுதான் கணக்கு.

அண்மையில் வேறு மாநிலத்துக்கு மாறியவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். விண்ணப்பிக்கும் இடத்தில் மூன்று மாதமாவது வசித்திருக்க வேண்டும். வீடு மாறிய சூட்டோடு படிவத்தைப் போடாதீர்கள்.

பெயர்

நம்மவர்களுக்கு உண்மையான தலைவலி இதுதான், இதில் கவலைப்படுவதும் நியாயம்தான். ஏனென்றால் இங்கே எழுதும் பெயர் குடியுரிமைச் சான்றிதழில் ஏறி, அதிலிருந்து பாஸ்போர்ட்டுக்கும், பிறகு ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்தியர்களுக்கான) கார்டுக்கும் போகிறது.

பள்ளிச் சான்றிதழில் இனிஷியலோடு ஒரு பெயர். இந்தியப் பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயர் ஸர்நேம். சிலருக்கு ஸர்நேம் கட்டம் காலியாகவே இருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு விசாவில் முழுப் பெயரும் ஸர்நேம் இடத்துக்குப் போய், முதல் பெயர் இருக்கும் இடத்தில் "எஃப்என்யு" (முதல் பெயர் தெரியாது) என்று விழுந்திருக்கும். டிரைவிங் லைசென்ஸில் அது இன்னொரு கோலத்தில் இருக்கும். பெண்களுக்குக் கல்யாணத்துக்கு முன் அப்பா பெயர், பின் கணவர் பெயர். நான்கு பேர் உள்ள வீட்டில் மூன்று ஸர்நேம் இருப்பதெல்லாம் நமக்குச் சாதாரணம். ஆபீஸில் "மிஸ்டர் சுப்பிரமணியம்" என்று கூப்பிட்டால், அப்பாவைத்தான் கூப்பிடுகிறார்களோ என்று ஒரு கணம் திரும்பிப் பார்க்காதவர் உண்டா?

இதில் செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, "தற்போதைய சட்டபூர்வப் பெயர்" என்ற இடத்தில் கிரீன் கார்டில் உள்ளபடி எழுத்து மாறாமல் எழுதுங்கள். கிரீன் கார்டிலேயே எழுத்துப்பிழை இருந்தாலோ, அதற்குப் பிறகு சட்டப்படி பெயர் மாற்றியிருந்தாலோ, அதற்கான ஆவணத்தை இணையுங்கள். இரண்டு, "வேறு பெயர்கள்" என்ற இடத்தைக் காலியாக விடாதீர்கள். அரசு ஆவணம், பட்டம், வங்கிக் கணக்கு எதிலாவது வேறு வடிவத்தில் பெயர் இருந்தால், இனிஷியல் வடிவம் உட்பட, எழுதிவிடுங்கள். 

பெயரை மாற்றிக்கொள்ள விரும்புகிறீர்களா என்றும் படிவம் கேட்கும். எஃப்என்யு பெயரோடு விமான நிலையத்திலும் வங்கியிலும் அவதிப்பட்டவர்களுக்கு இது நல்ல வாய்ப்பு. தனியாக நீதிமன்றம் போய்ப் பெயர் மாற்றுவதற்கு ஆகும் அலைச்சலும் செலவும் இதில் இல்லை. ஆனால் பெயர் மாற்றத்தோடு குடியுரிமைப் பிரமாணம் எடுக்க வேண்டுமானால் நீதிபதி நடத்தும் விழாவுக்குத்தான் போக வேண்டும். சில ஊர்களில் அந்த விழா எப்போதாவதுதான் நடக்கும், காத்திருக்க நேரிடும். பெயர் மாற்றம் கேட்காதவர்களுக்குச் சில அலுவலகங்களில் இன்டர்வியூ நடந்த அன்றே பிரமாணமும் முடிந்துவிடுகிறது.

மாற்றுவதென்றால் ஊரில் இருப்பவற்றையும் நினைத்துப் பாருங்கள். பட்டா, வங்கிக் கணக்கு, பான் கார்டு எல்லாம் பழைய பெயரில் இருக்கும். பெயர் மாறியதற்கு நீதிமன்றம் தரும் தாளைச் சான்றிதழோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருந்தால் பின்னால் இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்ட முடியும்.

பிறந்த தேதிக்கும் இதே கதைதான். பள்ளியில் சேர்ப்பதற்காகத் தேதியை முன்பின் போட்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. எல்லா ஆவணத்திலும் ஒரே தேதி இருந்து, "நிஜமாக நீ ஐப்பசியில் பிறந்தாய்" என்று அம்மா சொன்னது மட்டும்தான் வேறு என்றால், ஆவணத்தில் உள்ளதை எழுதுங்கள். பிறப்புச் சான்றிதழே வேறு தேதி சொல்கிறது என்றால், அனுப்பும் முன் ஒரு குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். குடியுரிமைச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகு அதில் பிறந்த தேதியை மாற்றுவது மிகக் கடினம்.

பயணப் பட்டியல்

கடந்த 5 ஆண்டுகளில் நாட்டை விட்டு வெளியே போய்வந்த ஒவ்வொரு பயணத்தையும், அண்மையில் போனதில் தொடங்கி, புறப்பட்ட தேதி, திரும்பிய தேதி, போன நாடு என்று எழுத வேண்டும். 24 மணி நேரத்துக்குள் முடிந்துவிட்ட பயணம் தேவையில்லை. நயாகராவில் பாலம் தாண்டிப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு அன்றே திரும்பியதைப் போட வேண்டாம். டொராண்டோவில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குக் காரில் போய் இரண்டு இரவு தங்கினால் அது பயணம். பலரும் விட்டுவிடுவது இதைத்தான், ஏனென்றால் பாஸ்போர்ட்டில் முத்திரையே இருக்காது.

விமானப் பயணத்தில் முத்திரை இருக்கும், ஆனால் அது வேறு விதமாகக் குழப்பும். நியூவர்க்கில் 14ஆம் தேதி இரவு ஏறியவருக்குச் சென்னையில் 16ஆம் தேதி விடிகாலை முத்திரை விழும். படிவம் கேட்பது அமெரிக்காவை விட்ட தேதி, அதாவது 14. திரும்பும்போது நேர்மாறு. சென்னையில் விடிகாலை முத்திரை குத்திக்கொண்டு ஏறியவர், மணி வித்தியாசத்தால் அதே தேதியில் இங்கே வந்து இறங்கிவிடக்கூடும். அமெரிக்காவை விட்டுப் போகும்போது யாரும் முத்திரை குத்துவதில்லை. கிரீன் கார்டோடு உள்ளே வரும்போதும் பல நேரம் முத்திரை கிடையாது. ஆகவே பாஸ்போர்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு பட்டியல் போட்டால் ஒன்றிரண்டு நாள் தள்ளித்தான் வரும்.

பட்டியலை இப்படிப் போட்டால் சுலபம். ஈமெயிலில் விமான நிறுவனங்கள், டிக்கெட் தளங்கள் பெயரைப் போட்டுத் தேடுங்கள். வந்த டிக்கெட்டுகளை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். அதன் பக்கத்தில் பாஸ்போர்ட் முத்திரைத் தேதியை எழுதிப் பாருங்கள். பழைய பாஸ்போர்ட்டையும் எடுங்கள், இந்த 5 ஆண்டுகளுக்கிடையில் பாஸ்போர்ட் புதுப்பித்திருந்தால் பாதி முத்திரைகள் அதில்தான் இருக்கும். இன்னும் சந்தேகம் இருந்தால் போனில் உள்ள படங்களின் தேதியைப் பாருங்கள். எந்த நாள் யார் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்தீர்கள் என்பதை அந்தப் படங்கள் சொல்லிவிடும்.

தேதி ஒரு நாள் முன்பின் இருந்தால் விண்ணப்பம் விழாது. ஒரு பயணத்தையே மறைத்தது போலத் தோன்றினால்தான் கேள்வி வரும். ஆகவே ஞாபகம் தெளிவாக இல்லாத சின்னப் பயணமாக இருந்தாலும் பட்டியலில் போடுங்கள். தேதி தோராயம் என்றால் கூடுதல் தகவல் பகுதியில் அப்படியே சொல்லுங்கள். இன்னொன்று, நம் ஊர்ப் பழக்கத்தில் நாளை முதலில் எழுதாதீர்கள். இங்கே மாதம்தான் முதலில். மே 9ஐ எழுதுவதாக நினைத்துச் செப்டம்பர் 5 என்று எழுதிவிட்டால், இரண்டு வாரப் பயணம் நான்கு மாதப் பயணமாக நிற்கும்.

இந்தப் பட்டியலில் பெரிய விஷயமும் ஒன்று ஒளிந்திருக்கிறது. எந்த ஒரு பயணமாவது 6 மாதத்தைத் தாண்டியிருந்தால், தொடர்ந்து இங்கே வசிக்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இல்லை, வீடு, வேலை, குடும்பம் எல்லாம் இங்கேதான் இருந்தன என்று நிரூபிக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று போய் ஏழு மாதம் தங்கியவர்கள் நிறையப் பேர். வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, வரித் தாக்கல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு முதலில் வழக்கறிஞரிடம் போங்கள். ஓராண்டோ அதற்கு மேலோ தங்கியிருந்தால் கணக்கே முறிந்துவிடும். பயணங்கள் சின்னச் சின்னதாக நிறைய இருந்தால் மொத்த நாளையும் கூட்டிப் பாருங்கள். 5 ஆண்டில் குறைந்தது 30 மாதம் உடம்பால் இந்த நாட்டில் இருந்திருக்க வேண்டும்.

வீடு, வேலை, கல்யாணம்

முகவரியும் வேலையும் 5 ஆண்டுக்கு. இங்கே இடைவெளி இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஒரு வீட்டைக் காலி செய்து அடுத்த வீடு கிடைக்கும்வரை நண்பர் வீட்டில் ஒரு மாதம் இருந்தால் அந்த முகவரியையும் போடுங்கள். வேலை போய்ச் சும்மா இருந்த மாதங்களுக்கு வேலையில்லை என்று எழுதுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அது உங்களுக்கு எதிராகவும் போகாது. கன்சல்டிங் கம்பெனியில் இருப்பவர்கள், தினமும் போகும் கிளையன்ட் பெயரை எழுதுவதா என்று குழம்புவார்கள். சம்பளம் தருபவர் யாரோ, டபிள்யூ-2 என்ற வருடாந்திரச் சம்பள அறிக்கையில் யார் பெயர் இருக்கிறதோ, அவர்தான் முதலாளி. சேர்ந்த நாள் ஞாபகமில்லையா? ஆஃபர் லெட்டரைப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் மாதம் சரியாக இருந்தால் போதும்.

கல்யாணத் தேதியில் மட்டும் ஒரு நிமிடம் நில்லுங்கள். முகூர்த்தம் ஒரு நாள், பதிவு அலுவலகத்தில் பதிந்தது சில வாரம் கழித்து. எது தேதி? இதில் பார்க்க வேண்டியது, கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்தபோது எதைச் சொன்னீர்கள் என்பது. ஆபீஸர் முன்னால் உங்கள் பழைய கோப்பும் இருக்கும். திருமணச் சான்றிதழில் திருமண நாள், பதிவு நாள் என்று இரண்டும் தனித்தனியாக இருந்தால், திருமண நாள் என்று உள்ளதைத்தான் பொதுவாக எழுத வேண்டும். அப்போது வேறு மாதிரி எழுதியிருந்தால், கூடுதல் தகவல் பகுதியில் காரணத்தை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். இதற்காகவே கிரீன் கார்டுக்குப் போட்ட ஐ-485 படிவம், விசாப் படிவம் இவற்றின் நகலைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்புவது நல்லது.

பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எல்லோரையும் எழுதுங்கள். ஊரில் தாத்தா பாட்டியோடு இருப்பவர், முதல் திருமணத்துக் குழந்தை, யாரையும் விடக் கூடாது. தமிழில் மட்டும் இருக்கும் சான்றிதழை இணைப்பதாக இருந்தால், இரு மொழியும் அறிந்த ஒருவர் மொழிபெயர்த்து, இது முழுமையானது, சரியானது, எனக்கு இரு மொழியும் தெரியும் என்று கையெழுத்திட்டுத் தர வேண்டும்.

உயரம், எடை, கண்ணின் நிறம்? பட்டினி கிடந்து எடை குறைத்துவிட்டு வந்து திருத்த வேண்டியதில்லை. இன்று என்னவோ அதை எழுதுங்கள்.

"எப்போதாவது" என்று தொடங்கும் கேள்விகள்

படிவத்தின் பின்பாதியில் வரிசையாக ஆம், இல்லை கேள்விகள் வரும். இவற்றை ஒரே மூச்சில் "இல்லை, இல்லை" என்று தட்டிக்கொண்டே போகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. அபார்ட்மென்ட் எண்ணுக்கு இரவெல்லாம் விழித்திருந்தவர் இந்தப் பக்கத்தை இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவார். நேர்மாறாகச் செய்யுங்கள். இங்கே "எப்போதாவது" என்றால் 5 ஆண்டு இல்லை, பிறந்ததிலிருந்து. எந்த நாட்டில் நடந்தாலும் சேர்த்தி.

நம்மவர்கள் அதிகம் பதறுவது டிராஃபிக் டிக்கெட்டுக்கு. கேள்வியில் கைது மட்டுமல்ல, போலீஸ் எழுதித் தந்த அபராதச் சீட்டும் அடங்கும். ஆகவே வேகமாக ஓட்டியதற்கு டிக்கெட் வாங்கியிருந்தால் எழுதிவிடுங்கள். ஆனால் மதுவோ போதைப்பொருளோ சம்பந்தப்படாமல், கைதும் இல்லாமல், அபராதம் 500 டாலருக்குக் கீழ் இருந்தால் அதற்கு ஆவணம் இணைக்கத் தேவையில்லை என்று வழிமுறையிலேயே இருக்கிறது. பார்க்கிங் இடத்தில் ஒட்டிவிட்டுப் போன சீட்டுக்காக நகராட்சி அலுவலகத்துக்கு அலைய வேண்டாம். குடித்துவிட்டு ஓட்டியது, வீட்டுச் சண்டைக்குப் போலீஸ் வந்து கூட்டிப்போனது, கடையில் பொருள் எடுத்ததாகப் போட்ட வழக்கு, இவை எத்தனை வருஷத்துக்கு முன் நடந்திருந்தாலும், வழக்கு தள்ளுபடி ஆகியிருந்தாலும், அழிக்கப்பட்டிருந்தாலும் சொல்ல வேண்டியவை. நீதிமன்ற ஆவணமும் வழக்கறிஞரும் இல்லாமல் இன்டர்வியூவுக்குப் போகாதீர்கள்.

அமெரிக்கக் குடிமகன் என்று எப்போதாவது சொல்லிக்கொண்டீர்களா, வாக்காளராகப் பதிந்தீர்களா, வாக்களித்தீர்களா என்ற கேள்விகளை நிறுத்திப் படியுங்கள். டிரைவிங் லைசென்ஸ் எடுக்கும் இடத்தில் வாக்காளர் பதிவுக்கும் சேர்த்து ஒரு கேள்வி வரும். அவசரத்தில் "ஆமாம்" என்று தட்டிவிட்டு, பிறகு வீட்டுக்கு வாக்காளர் அட்டை வந்த ஆட்கள் உண்டு. உங்களுக்கு அப்படி ஏதாவது தபால் வந்திருந்தால், படிவத்தை அனுப்பும் முன்னால் வழக்கறிஞர்.

வரி பாக்கி இருக்கிறதா என்ற கேள்விக்கு, தவணையில் கட்டிவந்தால் அந்த ஒப்பந்தத்தையும் கட்டிய ரசீதையும் எடுத்துப் போனால் சரி. ஆண்களுக்கான ராணுவப் பதிவுக் கேள்விக்கு, 18 வயதிலிருந்து 26 வயதுவரை எந்த விசாவில் இருந்தீர்கள் என்று பாருங்கள். அந்த வயதில் மாணவர் விசாவிலோ எச்-1பியிலோ முறையாக இருந்து, கிரீன் கார்டு 26க்குப் பிறகு வந்திருந்தால் உங்களுக்கு அந்தப் பதிவு பொருந்தாது.

அனுப்பிய பிறகு கண்ணில் பட்ட பிழை

ஆன்லைனில் நிரப்புகிறவர்களுக்கு, பாதியில் விட்ட படிவம் கடைசியாகத் தொட்ட நாளிலிருந்து 30 நாள் அப்படியே இருக்கும். ஆகவே ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. நிரப்பி முடித்து, ஒரு நாள் விட்டு, வீட்டில் இன்னொருவரிடம் படிக்கக் கொடுங்கள். கட்டணம் இப்போது ஆன்லைனில் 710 டாலர், தாளில் 760. தாளில் அனுப்புகிறவர்கள் கையெழுத்துப் போட்டோமா என்று ஒருமுறை பாருங்கள். கையெழுத்து இல்லாத படிவம் அப்படியே திரும்பிவரும்.

அனுப்பிவிட்டால் படிவத்தைத் திருத்த முடியாது. ஆன்லைன் கணக்கில் கூடுதல் ஆவணம் ஏற்ற இடம் உண்டு. பயணம் விட்டுப்போனது, "எப்போதாவது" கேள்விக்குத் தப்பாகப் பதில் சொன்னது போன்றவை என்றால், என்ன பிழை, எது சரி என்று ஒரு சின்னக் கடிதம் எழுதிக் கையெழுத்திட்டு ஏற்றிவிடுங்கள். அபார்ட்மென்ட் எண்ணுக்குக் கடிதம் வேண்டாம். அதை ஒரு தாளில் குறித்துவையுங்கள், இன்டர்வியூவில் சொல்லிக்கொள்ளலாம். மறுபடியும் கட்டணம் கட்டி இரண்டாவது படிவம் அனுப்புவது மட்டும் கூடவே கூடாது.

வீடு மாறினால் 10 நாளுக்குள் முகவரியை மாற்றுங்கள். இது சட்டம் என்பது ஒருபுறம், இன்டர்வியூக் கடிதம் பழைய வீட்டுக்குப் போய்விடும் என்பது இன்னொரு புறம். கிரீன் கார்டு நடுவில் காலாவதியாகிறதே என்றும் கவலை வேண்டாம். விண்ணப்பித்ததற்கான ரசீதுக் கடிதம் கார்டின் காலத்தை 24 மாதம் நீட்டிக்கிறது. ஊருக்குப் போகும்போது கார்டோடு அந்தக் கடிதத்தின் அசலையும் எடுத்துப் போங்கள்.

இன்டர்வியூ நாள்

கடிதம், கிரீன் கார்டு, லைசென்ஸ், பழையது புதியது எல்லாப் பாஸ்போர்ட்டும், வரித் தாக்கல் விவரங்கள், குறித்துவைத்த தாள். நாட்டைப் பற்றிய கேள்விகள் பற்றி ஒரு விஷயம்: 2025 அக்டோபர் 20 அன்றோ அதற்குப் பிறகோ விண்ணப்பித்தவர்களுக்குப் புதிய தேர்வு. 128 கேள்விகளில் 20 வரை கேட்பார்கள், 12 சரியாகச் சொல்ல வேண்டும். அதற்கு முன் விண்ணப்பித்தவர்களுக்கு 100இல் 10, அதில் 6. நண்பர் தந்த பழைய புத்தகத்தைப் படித்துவிட்டுப் போகாதீர்கள். அப்பா அம்மாவுக்கு விண்ணப்பிப்பவர்கள் வயது விலக்கைப் பாருங்கள். 50 வயதுக்கு மேல், கிரீன் கார்டோடு 20 ஆண்டு, அல்லது 55க்கு மேல் 15 ஆண்டு என்றால் ஆங்கிலத் தேர்வு கிடையாது. மொழிபெயர்ப்பாளரை வைத்துத் தமிழிலேயே பதில் சொல்லலாம்.

திருத்தங்களை நீங்களாகவே முதலில் சொல்லிவிடுங்கள். "படிவம் அனுப்பிய பிறகு இரண்டு மாற்றம் இருக்கிறது" என்று தொடங்கினால் போதும், கதை சொல்ல வேண்டாம். ஒரு கேள்வி புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்லித் திரும்பக் கேளுங்கள். புரியாமல் "நோ" என்று தலையாட்டுவதைவிட அது எவ்வளவோ மேல். முடிவில் ஒரு தாள் தருவார்கள். அதில் மேலும் ஆவணம் தேவை என்று வந்தால் நிராகரிப்பு என்று நினைத்துக் கலங்காதீர்கள். கேட்டதைக் கேட்ட தேதிக்குள் அனுப்பினால் கோப்பு நகரும்.

பிரமாணமும் அதற்குப் பிறகும்

விழாவுக்கு வரச்சொல்லும் கடிதத்திலேயே சில கேள்விகள் இருக்கும்: இன்டர்வியூவுக்குப் பிறகு பயணம் போனீர்களா, டிக்கெட் வாங்கினீர்களா என்பது போல. அன்றைய தேதியில் அங்கே வைத்து நிரப்புங்கள். கிரீன் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் செல்ஃபிக்கு முன்னால் அதைப் படியுங்கள். பெயரின் ஒவ்வொரு எழுத்து, பிறந்த தேதி, முந்தைய நாடு. "ஸ்ரீ"யில் ஓர் எழுத்துக் குறைந்தாலும் அங்கேயே, மேசையை விட்டு நகரும் முன்பே சொல்லுங்கள். வீட்டுக்குப் போனபின் பார்த்தால், அவர்கள் பிழை என்றால் என்-565 படிவத்தில் கட்டணமின்றித் திருத்தித் தருவார்கள், ஆனால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சான்றிதழில் அனுமதியின்றி நகலெடுப்பது குற்றம் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து ஜெராக்ஸ் கடை வாசலில் தயங்கி நிற்பவர்கள் இருக்கிறார்கள். பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்கு அசலோடு நகலும் வேண்டும் என்று அரசே கேட்கிறது, ஆகவே அதற்கு நகல் எடுப்பதில் தப்பில்லை.

அமெரிக்கப் பாஸ்போர்ட்டுக்கு உடனே விண்ணப்பியுங்கள். பிரமாணம் எடுத்த அந்த நாளோடு இந்தியக் குடியுரிமை முடிந்துவிடுகிறது, ஆகவே கையில் இருக்கும் இந்தியப் பாஸ்போர்ட்டைக் காட்டி ஊருக்குப் பயணம் போகக் கூடாது. இரண்டு பாஸ்போர்ட்டுக்கும் நடுவிலான அந்த வாரங்களில் எந்தக் கல்யாணத்துக்கும் டிக்கெட் போடாமல் இருப்பது உத்தமம். புதிய பாஸ்போர்ட் வந்ததும் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்து அதற்கான சான்றிதழ் வாங்கிக்கொண்டு, பிறகு ஓசிஐக்குப் போடுங்கள். அந்தப் படிவத்தில் நாள்தான் முதலில், மாதம் அப்புறம்.